மூன்று நிமிடம்

டெல்பர்ட் ஹூசெக் இப்போது
மூன்றாம் வரிசையில் உட்காருகிறார்.
நான்கு தடவை மேயர்.
ஐந்தாவது பதினோரு ஓட்டில் போயிற்று.
அதில் இரண்டு அவர் மைத்துனன் வீட்டு ஓட்டு என்பது
கார்னெட் ஃபெர்ரி முழுக்கத் தெரியும்,
அயோவாவில் வேறெங்கும் தெரியாது.

வெள்ளம் வந்த வருஷம்
மணல்மூட்டை மேலேயே தூங்கினார்.
அதே வருஷம்தான்
சனிக்கிழமைகளில் நூலகத்தை மூடினார்.
இரண்டையும் நான்தான் குறிப்பேட்டில் எழுதினேன்,
ஒரே பேனாவில்.

பேச வருகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம்:
அவர் போட்ட விதி.
என் மேசைமேல், முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் கடிகாரம்:
அவர் வாங்கியது. இரண்டு டாலர்.
ரசீது இன்னும் கோப்பில் இருக்கிறது.

இன்று அவரைக் கூப்பிட்டேன்.
பெயரும் முகவரியும் சொல்லச் சொன்னேன்.
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
சொன்னார்.

ஆறாம் தெருச் சாக்கடை.
பனி உருகினால் த்வோராக் வீட்டு நிலவறையில்
முழங்கால் தண்ணீர்.
"என் காலத்திலும்தான்" என்றார்,
யாரும் கேட்கவில்லை.

கடிகாரம் கிர்ரென்றது.
பாதி வாக்கியத்தை விழுங்கி,
திரும்பி,
கண்ணாடிக்கு மேலாகக் கூட்டத்தைப் பார்த்து
"அடுத்தவர்" என்றார்.

புது மேயர் வாய் திறப்பதற்குள்
ஒரு பெண் எழுந்து வந்துவிட்டாள்.