ஏழாம் மேசை

திங்களில் எங்கள் உணவகம் பூட்டு.
ஆறு நாள் கோப்பை கழுவிய கைகள்
ஏழாம் நாள் இன்னொருவர் மேசையில் கிடந்து
என்ன செய்வதென்று தெரியாமல்
உப்புப் போத்தலைத் திருகும்.

கையைச் சும்மா வை, என்பான் திராமானே.
மாலிக்காரன். எங்கள் குசினியில் காய்கறி வெட்டுபவன்.
எந்தக் கடைக்குப் போனாலும் அவனுக்கு
வெங்காயம்தான் முதலில் கண்ணில் படும்.
மொட்டைக் கத்தி, என்று உதட்டைப் பிதுக்குவான்.
எனக்குக் கோப்பை.
விளிம்பு உடைந்திருந்தால்
உள்ளே ஒருவன் அவசரப்பட்டிருக்கிறான்.
தண்ணீர்த் திட்டுக் காய்ந்திருந்தால்
உள்ளே ஒருவன்தான் இருக்கிறான்,
மற்றவனை நிறுத்திவிட்டார்கள்.

ஆளுக்குப் பதினைந்து யூரோ.
போன கடைக்கு மறுமுறை இல்லை.
எந்த மெத்ரோவில் இறங்குவது என்பதை
ஒரு கிழமை அவன், மறு கிழமை நான்.

பெல்வில் மேட்டில் ஒரு வியட்நாம் கடை.
கிண்ணம் என் தலையளவு.
இரவெல்லாம் மாட்டெலும்பு வெந்த சாறு,
மேலே பச்சையாகக் கிள்ளிப் போட்ட இலைகள்.
எலுமிச்சை பிழியக் குனிந்ததும்
மூக்குக்கண்ணாடியில் ஆவி ஏறி
திராமானே காணாமல் போனான்.
உறிஞ்சும் சத்தம் மட்டும் எதிரே இருந்தது.
இதைக் கழுவ இரண்டு நொடி போதும், என்றேன்.
ஆவிக்குள்ளிருந்து வசவு வந்தது,
பம்பாராவில்.

லா சப்பலுக்கு நான் கூட்டிப்போனேன்.
கொத்துரொட்டித் தகடு தட்டும் தாளத்துக்கு
அவன் தோள் ஆடியது.
உறைப்பில் கண்ணீர் வழிய வழிய
'இவனுக்கு என்ன சம்பளம், கேள்' என்றான்.
கேட்டேன்.
பதிலை மொழிபெயர்க்கவில்லை.

பிறகு அந்த எத்தியோப்பியக் கடை.
கோப்பையே இல்லை!
புளித்த மாவில் சுட்ட அகல ரொட்டி ஒன்றை விரித்து
பருப்பும் கீரையும் இறைச்சியும் அதன் மேலேயே.
கிழித்து, அள்ளி, கடைசியில்
கோப்பையையே தின்று முடித்தோம்.
'உலகத்தில் ஒரு நாடாவது எங்களை நினைத்திருக்கிறது'
என்று எழுந்து நின்று சொன்னேனாம்.
பக்கத்து மேசை திரும்பிப் பார்த்ததாம்.
பரிமாறிய அஸ்தேர்
ரொட்டிக்கு அடியிலிருந்த தகரத் தட்டத்தைத் தூக்கிக் காட்டி
'இதென்ன, தானாகக் கழுவிக்கொள்ளுமா?' என்றாள்.

டிசம்பரில் திராமானேக்கு அட்டை வந்தது.
பத்து வருடத்துக்கு.
ஒரே வியாழனில் இருவரும் விடுப்புக் கேட்டோம்.
எதற்கென்று முதலாளி கேட்டார்,
சொல்லவில்லை.

எங்கள் உணவகத்துக்கு ஒரு முன்கதவு உண்டு.
ஆறு வருடத்தில் அன்றுதான் அதைத் தள்ளினேன்.
ஃபப்ரீஸ் ஒரு கணம் தடுமாறினான். பிறகு
'மிஸ்யோ' என்று நாற்காலியை இழுத்தான்.
ஏழாம் மேசை.

வாத்துக்கறி வந்தது.
அந்தக் கருஞ்சாற்றை எனக்குத் தெரியும்.
பிசின்போல ஒட்டும். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவேண்டும்,
இரும்புப் பஞ்சு வேண்டும்,
நகக்கண்ணில் மறுநாள்வரை நிற்கும்.
நாக்கில் வைத்தேன்.
தோடம்பழம்.
ஆறு வருடம், ஒருவரும் சொல்லவில்லையே,
அது இனிக்குமென்று.

வெங்காயத்தைப் பற்றி
திராமானே அன்றைக்கு வாயே திறக்கவில்லை.
கோப்பையின் நடுவிலிருந்து விளிம்புவரை
பாணால் துடைத்துத் துடைத்துத் தின்றேன்.
அவனும்.
பாண் கூடை இரண்டுமுறை நிரம்பியது.
கணக்கைப் பார்த்தபோது
பதினைந்து யூரோத் திங்கள்கள் எத்தனை என்று
மனம் வகுத்தது. விட்டேன்.

மறுநாள் மாலை, தொட்டியருகே
எனக்குப் பதிலாக நின்ற முர்ஷேத் சொன்னான்:
'நேற்று ஏழாம் மேசையில்
யாரோ மூன்று நாள் பட்டினிக்காரர்கள்.
இரண்டு கோப்பையும் கண்ணாடிபோல வந்தன.
கழுவுவதா வேண்டாமா என்று நின்றேன்.'

கழுவினாயா?

'கழுவினேன்.'

நல்லது, என்று கையுறையை மாட்டினேன்.
திராமானே வெங்காயத்தை விட்டுத்
தலையைத் தூக்கவில்லை.
தோள் மட்டும் ஆடியது.