மூன்றாவது கட்டம்

மான்டானா, பியூட் நகரம். வெளியே பனி.
ஒன்பதாம் பக்கம் என் பொறுப்பு:
ராசிபலன், குறுக்கெழுத்து, ஏழு சித்திரத் தொடர்கள்.
ஏழை ஆறாக்கு என்கிறார் ஆசிரியர் லுவெல்லா.

எதை வெட்ட?
மாமியார் வருகிறாள், மருமகன் சோபாவுக்குப் பின்னால்.
வரைந்தவர் போய்ப் பத்து வருடம்;
மகன் வரைகிறான். சோபா மட்டும் புதுசு.
தபால் நிலையம் நடத்தும் ஆடு:
இதற்கு மட்டும் மூக்கில் கொஞ்சம் காற்று வரும்,
சிரிப்பென்றே வரவு வைக்கிறேன்.
தளபதியோ முப்பத்தொரு வருடமாய்
பூட்ஸைத் தேடுகிறார். போர் காத்திருக்கிறது.
பேனாவை அவர் தலைமேல்தான் வைத்திருந்தேன்.

போன செவ்வாய் டயர் விளம்பரம் அகலமாய் வந்து சேர்ந்தது.
வேறு வழியில்லை,
தளபதியின் கடைசிக் கட்டத்தைக் கத்தரித்தேன்.

கட்டிலுக்கடியில் குனிகிறார்.
அடியிலிருந்து ஒரு கை பூட்ஸை நீட்டுகிறது.
பிறகு டயர்கள், பனிக்கால விலையில்.

காலை ஆறே காலுக்கு முதல் ஃபோன்.
பனி தள்ளும் வண்டியோட்டி மிலோஷ் வுக்கோவிச்:
"ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.
அது யார் கை?"
மதியத்துக்குள் பதினாலு பேர். எல்லோருக்கும் அந்தக் கைதான்.

யார் கை என்று எனக்குத் தெரியும்.
மேஜை டிராயரில் கிடக்கிறது மூன்றாம் கட்டம்,
பேச்சுக்குமிழி நிறைய விளக்கத்தோடு.
சொல்லவில்லை.

புதன்கிழமை மூன்று கட்டமும் போட்டோம்.
ஒரு ஃபோன் இல்லை.

லுவெல்லாவிடம் போய்ச் சொன்னேன்:
ஏழும் இருக்கட்டும்,
எல்லாவற்றிலும் கடைசிக் கட்டத்தை மட்டும் எடுத்துவிடலாம்.
அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
பார்த்தார்.
நல்ல இரண்டாம் கட்டம் அது.