ஏழாவது பொத்தான்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
பேக்கரிக்கு மேல்மாடி.
பாண் வேகும் வாசனை படியேறி வரும்
இரவு இரண்டு மணிக்கு
நாங்கள் முகங்களுக்குப் பெயர் வைக்கிறோம்.

ஒரு முகத்துக்கு நாலு விநாடி.
ஏழு பொத்தான்.
மகிழ்ச்சி, துக்கம், கோபம், பயம்,
வியப்பு, அருவருப்பு.
ஆறிலும் அடங்காததற்கு
ஏழாவது: ஒன்றுமில்லை.

ஒரே முகம் மூவருக்குப் போகும்,
எனக்கு, நிலூகாவுக்கு,
கினிகத்தேனை தவநேசனுக்கு.
நடுவில் பலகை. பேசக்கூடாது.
இருவர் ஒத்தால் அதுவே உண்மை.
ஒவ்வாத மூன்றாமவருக்குக் காசு வெட்டு.

ஆறு மாதம் வெளிநாட்டு முகங்கள்.
பல் தெரிந்தால் மகிழ்ச்சி,
புருவம் நெரிந்தால் கோபம்.
விடிந்து தெரு இறங்கினால்
மீன்கடைக்காரர் அருவருப்பு எழுபது,
கண்டக்டர் பயம் முப்பது என்று
கண் தன்பாட்டுக்கு எண் போடும்.

பங்குனியில் புதுக் கட்டு வந்தது.
கில்பர்ன் தோட்டம், மேல்பிரிவு,
கொழுந்து நிறுக்கும் மடுவத்துக் கேமரா.
'தொழிலாளர் திருப்தி' என்று
கோப்புக்குப் பெயர்.
திருப்தி குறைந்த முகங்களைப் பிரித்து
ஆபீசுக்கு அனுப்புமாம் மிஷின்.

அது ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான்
எங்களிடம் தரும்.
முதல் நாற்பது பெண்களுக்கும்
வியப்பு என்று போட்டிருந்தது.
வியப்பு, வியப்பு, வியப்பு.
எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நின்றது.
தலையில் கூடைக் கயிறு.
பதினெட்டுக் கிலோ பின்னுக்கு இழுக்க
நெற்றித் தோல் மேலேறி
புருவம் வளைந்து நிற்கிறது.
இருபத்தாறு வருஷமாய்
எதைக் கண்டு வியந்துகொண்டிருக்கிறாள்
என் அம்மா?

திருத்திக்கொண்டே வந்தேன்.
கயிற்றைக் கழி, மழையைக் கழி,
அட்டையை உதற ஒற்றைக் காலில் நின்ற
அந்த நொடியைக் கழி.
மிச்சம்தான் முகம்.

இருநூற்றுப் பதினொன்றாவது படம்
பூங்காவனம்.
எங்களுக்கு அடுத்த காம்பரா.
பீலித் தண்ணீர்ச் சண்டையில்
அம்மாவோடு மூன்று வருஷம் பேச்சில்லை.
படத்தில் வாய் நிறையச் சிரிக்கிறாள்.
மிஷின் சொல்கிறது:
மகிழ்ச்சி, தொண்ணூற்று நாலு.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.
ஈரக் கொழுந்து என்று கணக்கப்பிள்ளை
மூன்று கிலோ வெட்டும்போது வருவது.
அரைப்பேர் என்று எழுதினால்
இன்னும் ஒரு பல் கூடத் தெரியும்.
அவள் அப்படிச் சிரித்த நாளில்
கோழிகூட வாசலைக் கடக்காது.

கோபம். நூற்றுக்கு நூறு.
எந்த மிஷினும் காணாததை
நான் கண்டுவிட்டேன்!
விரல் தானாகப் போய்விட்டது பொத்தானுக்கு.
ஒரு விநாடி.

கோபம் என்றால் பட்டியலில் ஏறுவாள்.
நாளைக்கு ஆபீஸ் வாசலில் நிற்பாள்,
அதே சிரிப்போடு.
இரண்டு.

மகிழ்ச்சி என்றால்
வெட்டிய மூன்று கிலோவுக்கு
அவளே ரசீது கொடுத்தது போலாகும்,
சாட்சிக் கையெழுத்து நான்.
மூன்று.

கீழே பாண் தட்டு இறக்கும் சத்தம்.

பூங்காவனத்தை யார் என்ன கேட்டாலும்,
டிஸ்பென்சரியில் கேட்டாலும்,
சங்கத்து ஆள் கேட்டாலும்,
மகன் செய்தி கொழும்பிலிருந்து வந்த அன்று
லயமே திரண்டு நின்று கேட்டபோதும்
முகத்தைத் துடைத்துக்கொண்டு
ஒரே வார்த்தைதான் சொன்னாள்.
அதையே அழுத்தினேன்.

அடுத்த முகத்துக்கும்.
அதற்கடுத்ததற்கும்.

பலகைக்கு அந்தப் பக்கம்
யார் எதை அழுத்தினார்களோ தெரியாது.
விசைப்பலகைச் சத்தம் மட்டும்
ஓரிடத்தில் ஒரே மாதிரி ஆயிற்று,
தகரத்தில் தூறல் பிடித்தது போல.

விடியற்காலை மேற்பார்வைக்காரர்
மூவரையும் கூப்பிட்டார்.
"கடைசி நானூறு முகம்,
மூன்று பேருக்கும் ஒரே பதில்!
இப்படியொரு ஒற்றுமை வந்ததேயில்லை."
கை கொடுத்தார்.
சந்தோஷம்தானே, என்றார்.

நிலூகா தரையைப் பார்த்தாள்.
தவநேசன் குனிந்து
சப்பாத்து நாடாவைக் கட்டினான்.
என் முகத்தை அவர்
நாலு விநாடிக்கும் மேலாகப் பார்த்தார்.