தடக்

தடக்.
சக்கரத்தடியில் ஏதோ.
குழியா, குழந்தையா?

ஒன்பது வருஷமாக
ஒவ்வொரு தடக்கிற்கும் வண்டியைத் திருப்பியவன் நான்.
கடைகள் பாலுக்குக் காத்திருக்கும்.
தெருவில் யாரும் கிடக்கமாட்டார்கள்.
ஆனாலும் இன்னொரு முறை.

பெர்கனில் மழை.
பக்கத்து இருக்கையில் சிகிச்சையாளர் ராக்ன்ஹில்ட்,
மடியில் ஈரக் குடை.
“குழிதானே?” என்கிறேன்.
“இருக்கலாம்” என்கிறாள்.

முந்தைய மூன்று மருத்துவர்களும்
“குழிதான், பயப்படாதே” என்றார்கள், அன்போடு.
அந்த அன்பு
பாலம் தாண்டும்வரைகூடத் தாங்கவில்லை.

இவள் போன வாரம் சொன்னாள்:
பயம் இறங்கட்டும் என்று நிற்காதே,
ஏற்றிக்கொண்டே போ.

கை நடுங்குகிறது. வளைவு வருகிறது.
திரும்பவில்லை.
நெஞ்சு அடித்துக்கொண்டேதான் இருக்கிறது,
வைப்பரும் அப்படியே.

முதல் கடையில் பெட்டிகளை இறக்கினேன்.
கடைக்கார ஓட்வார் கடிகாரத்தைப் பார்த்தார்:
“என்ன, இன்றைக்குச் சீக்கிரம்?”