திரும்பி வந்தவை

ஹொஸ்கோட்டைக் கிடங்கில் ஏழாம் மேசை என்னுடையது.
வாங்கியவர்கள் வேண்டாமென்று அனுப்பியவை
பெல்ட்டில் ஏறி என்னிடம் வரும்.
பிரித்துப் பார்த்து ஓர் எழுத்து இட வேண்டும்.
ஏ என்றால் மறுபடி அலமாரிக்கு,
பி என்றால் தள்ளுபடிக்கு,
டி என்றால் கிலோ முப்பத்தெட்டு ரூபாய்க்குப் பழைய இரும்பு.
ஒன்றுக்குத் தொண்ணூறு நொடி.

தச்சு சாமான் பிரிவுக்கு என்னை மாற்றியபோது
உளிக்கும் திருப்புளிக்கும் பேதம் தெரியாது.
அதுவரை குழந்தைகளின் செருப்பு.

பழகிவிட்டது.
மூலைமட்டம் வந்தால்
அட்டைப்பெட்டியில் ஒரு கோடு,
திருப்பி வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொன்று.
இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படுத்தால் நல்ல சாமான்.
பெரும்பாலும் அவை
பாகம் பிரித்த அண்ணன் தம்பி மாதிரி
போகப் போக விலகும்.
உளியை நகத்தில் வைத்தால் போதும்,
நல்லது கடிக்கும், மட்டமானது வழுக்கும்.
கையுறை போடும்மா என்பார் மேற்பார்வையாளர் ரேணுகப்பா.
கையுறைக்கு ஏது நகம்?

சிவப்புப் பெட்டி ஹெல்ம்பர்க், ஆயிரத்து நூற்றைம்பது.
நீலப் பெட்டி கஜவீர், அறுநூற்று நாற்பது.
பெயர்தான் ஜெர்மன்காரனுடையது,
அடியில் பொடி எழுத்தில் ஜலந்தர்.
ஒருநாள் இரண்டு இழைப்புளிகளையும் கவிழ்த்தேன்.
பிடிக்குப் பின்னால், வார்ப்பில்,
ஒரே இடத்தில் ஒரே பிசிறு,
கடுகளவு.
ஒரே அச்சில் பிறந்து
பெயின்ட் அடிக்கிற இடத்தில் சாதி பிரிந்தவை.
ஐந்நூற்றுப் பத்து ரூபாய் சிவப்பின் விலை.
டி போட்டால் மட்டும் இரண்டும் சமம்.

ஜூலைத் தூறலில் ஒரு கஜவீர் வந்தது.
வாங்கிய ஒன்பதாம் நாள்.
காரணம் என்ற கட்டத்தில்: வேண்டாம்.
கன்னடச் செய்தித்தாளில் சுற்றி,
தேங்காயெண்ணெய் பூசி.
கவிழ்த்தேன். என் தலைக்கு மேலிருந்த டியூப்லைட்
அடித்தகட்டில் வளையாமல் தெரிந்தது.
பிசிறு இல்லை. அரத்தின் தடம்கூட இல்லை.
நகத்தில் வைக்கப் பயந்து
கை ரோமத்தில் வைத்தேன், வழித்துக்கொண்டு போனது.

ஒன்பது இரவு உட்கார்ந்திருப்பார் யாரோ.
கீழ்வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டியிருப்பார்கள்.
உப்புத்தாள் மட்டுமே இருநூறு ரூபாய்க்குத் தேய்ந்திருக்கும்.
பிறகு எதற்குத் திருப்பி அனுப்பினார்?
பணம் முடையா?
தேய்ப்பதுதான் வேண்டியிருந்ததா, மரம் இல்லையா?
பெயரைக் கறுப்பால் அழித்துவிடுகிறார்கள்.
பின்கோடு மட்டும், கம்மனஹள்ளிப் பக்கம்.

தட்டுப்பலகையின் பைன் விளிம்பில்
ஒரே ஒரு தடவை ஓட்டினேன்.
எழுந்த சுருளைத் தூக்கிப் பிடித்தேன்.
அதன் வழியாக
ரேணுகப்பா வருவது தெரிந்தது.

உபயோகித்த பொருள் என்றால் டி. விதி அப்படி.
எண்பத்தாறாவது நொடியில் ஏ போட்டேன்.

தசரா விற்பனைக்கு முன்னால்
கே.ஆர்.புரம் பஸ்ஸில் நின்றபடி போனில் பார்க்கிறேன்,
கஜவீருக்கு யாரோ ஐந்து நட்சத்திரம்.
'பெட்டியைப் பிரித்ததும் வெண்ணெயாய் இழைக்கிறது.
ஜெர்மன் சாமான் எதற்கு?
கண்ணை மூடி வாங்கலாம்.'
முந்நூற்றுப் பதினேழு பேருக்குப் பயன்பட்டதாம்.

அவர் பொய் சொல்லவில்லை.

மறுவாரத்திலிருந்து நீலப் பெட்டிகள்.
திங்களன்று பதினொன்று, செவ்வாய் இருபத்துமூன்று.
காரணம்: சீவவில்லை.
காரணம்: ஏமாற்று.
ஒருவர் தமிழிலேயே எழுதியிருந்தார்:
இதைவிட என் மாமியார் வீட்டுத் தேங்காய்த் துருவி மேல்.
பிசிறு எல்லாவற்றிலும் அதே இடத்தில்,
கடுகளவு.

டி. டி. டி.
தொண்ணூறு நொடியில் இருபதை மட்டும் திருடி
ஒவ்வொன்றையும் கவிழ்த்து
டியூப்லைட் வளைகிறதா என்று பார்க்கிறேன்.
வளைகிறது.
அடுத்த பெட்டியின் டேப்பைக் கிழிக்கிறேன்.