நீக்கினால்

தார்த்துவில் நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
நாய்கள் காப்பகத்துக்கு மாரிகா எழுதும் மென்பொருளில்
இரண்டே மாடல்: ஆள், நாய்.
ஓர் ஆளுக்குப் பல நாய், ஒரு நாய்க்கு ஓர் ஆள்.
ஒற்றை வரியில் உறவு முடிந்தது.

முடியவில்லை.
ஃப்ரேம்வொர்க் கேட்கிறது:
ஆளை நீக்கினால் நாயை என்ன செய்ய?

கூடவே அழி என்றால் சுத்தம்.
வெற்றாக்கு என்றால் நாய் இருக்கும்,
யாருடையது என்ற கட்டம் மட்டும் காலி.
நீக்கவே விடாதே என்றும் ஒன்று உண்டு.

ஏழாம் கூண்டில் முரி.
அதன் ஆள் கல்யு போன செவ்வாய் இறந்தார்.
கதவுச் சத்தத்துக்கெல்லாம்
ஒற்றைக் காது நிமிர்கிறது.

மூன்றாவதை அடித்து, ஓட்டிப் பார்த்தாள்.
சிவப்பில் வந்தது பிழை:
நீக்க முடியாது,
இவரைச் சுட்டும் பதிவொன்று இருக்கிறது.

அதைத் திருத்தாமல் எழுந்து போனாள்.
முரியின் கழுத்துப்பட்டையில்
இன்னும் அவர் எண்.