வரம்பு ஆறு

காங்கேயம். எண்ணெய் மில்லுக்கு மேல்மாடி.
பருப்பு காயும் வாசம் கீபோர்டு வரைக்கும் ஏறிவரும்.
நான் எழுதியது ஒரே ஒரு கிளாஸ்:
லோடு வரும், அதன் ஈரப்பதம் வரும்,
ஆறு சதவீதத்தைத் தாண்டினால்
தாண்டியதற்கு எடையில் பிடித்தம்.

அந்த ஆறை நான் எழுதவில்லை.
வெளியே ஒரு கோப்பில் கிடக்கிறது.
நிரல் எழுந்து நிற்கும்போது
யாரோ எடுத்துவந்து ஊட்டிவிடுவார்கள்.

டெஸ்டில் அந்த யாரோ வரவில்லை.
கிளாஸை நானே உண்டாக்கினேன்,
வரம்பு இருக்கவேண்டிய இடத்தில் பூஜ்யம்.
தட்டினால் டங்கென்னும் பருப்பையும்
ஈரம் என்றது.
வந்த மூட்டைக்கெல்லாம் பிடித்தம்.
சிவப்பு.

சரியென்று மொத்த அப்ளிகேஷனையும் எழுப்பினேன்.
டேட்டாபேஸ் எழுந்தது, எடைமேடை எழுந்தது,
எஸ்எம்எஸ் அனுப்பும் பகுதி
கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தது.
நாற்பத்தொரு நொடி,
ஒரு கழித்தலுக்கும் ஒரு பெருக்கலுக்கும்.
"ஒரு டீக்கு மாட்டுத்தாவணிக்கே போயி
மாடு புடிச்சாராப்ல இருக்குதுங்க்கா"
என்றாள் மௌனிகா.

வழி சொன்னதும் அவள்தான்:
திருட்டுத்தனமா உள்ள ஊட்டாதீங்க,
வாசல்லயே கேட்டு வாங்கட்டும்.
கன்ஸ்ட்ரக்டரில் ஓர் எண். அவ்வளவுதான்.
ஆறு கொடுத்தேன், எட்டு சதவீத லோடு: இரண்டுக்குப் பிடித்தம்.
ஏழு கொடுத்தேன்: ஒன்றுக்கு.
அச்சாக ஆறே இருக்கிற லோடு?
விட்டுவிட வேண்டும், விட்டது.
பதினொரு மில்லிநொடி. பச்சை பச்சை பச்சை.
அன்று மத்தியானம் நான் கொஞ்சம் ஆடித்தான்விட்டேன்.

புதன்கிழமை
வெள்ளகோவிலிலிருந்து சென்னியப்பன் வந்தார்.
சீட்டை மேஜைமேல் வைத்தார், சத்தம் போடவில்லை.
"எட்டு நாள் வெயில்ல போட்டதுங்க.
உங்க மிஷினு என்னமோ
கெணத்துக்குள்ளருந்து எடுத்தாப்ல கணக்குப் போட்டிருக்குது."
ரெண்டாயிரத்து நானூறு கிலோ. ஈரம் அஞ்சரை.
பிடித்தம் நூற்றுப் பதினேழு கிலோ அறுநூறு கிராம்.

மில்லின் கோப்பைத் திறந்தேன்.
0.6
சதவீதத்தைப் பின்னமாக்கப் புறப்பட்டவர் எவரோ
பாதி வழியில் டீக்குப் போயிருக்கிறார்.

டெஸ்டுகளை ஓட்டினேன்.
இருபத்திரண்டும் பச்சை.
அவை பொய் சொல்லவில்லை.
ஆறு கொடு, ஆறுக்கு உண்டானதைச் சொல்கிறேன்;
எங்களுக்குள் அதுதான் பேச்சு.
கீழே மில்லில் யார் எதைக் கொடுக்கிறார்கள் என்று
நான் கேட்கவே இல்லை.

சீட்டைத் திருத்திக் கொடுத்தோம். எண்ணிப் பார்க்காமல்
மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்,
அதுதான் உறுத்தியது.

பொழுதோட இருபத்து மூன்றாவதை எழுதினேன்:
0.6 கொடு.
கிளாஸ் பிறக்கக் கூடாது.
எண்ணைச் சொல்லி, கோப்பின் பேரைச் சொல்லி
வாசலிலேயே மறுக்க வேண்டும்.
நாலுக்குக் கீழே வேண்டாம், எட்டுக்கு மேலே வேண்டாம்.

மௌனிகா என் திரையைச் சித்தெ நேரம் பார்த்தாள்.
"இந்த நாலும் எட்டும்
யாருங்க்கா சொன்னது?"

கீழே ஒரு லாரி பின்னால் எடுக்கிற சத்தம்.
எடைமேடையில் ஆள் இருப்பார்கள்.
டெஸ்டைச் சிவப்பாகவே விட்டுவிட்டு
கேட்டு வரப் படியிறங்கினேன்.